ஒரு போட்டியிலும் ஜெயிக்காதவர் தன்னை விளையாட்டு வீரர் என்று சொல்லிக்கொள்ளலாமா?

தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதோடு நிறுத்தினால் இந்தக் கேள்விக்கு உரிய மரியாதை கிடைக்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேட்டிருப்பவர் தஞ்சாவூர்க்காரர், வயது 36. இரண்டு வருடமாக விடியற்காலையில் வெண்ணாற்றங்கரையில் ஓடுகிறார். 10 கிலோமீட்டர் ஓட்டம் இரண்டில் கலந்துகொண்டிருக்கிறார். ஓடி முடித்த எல்லாருக்கும் தரும் மெடல் தவிர வேறு பரிசு இல்லை. காலணி வாங்கப் பணம் கேட்டபோது வீட்டில் ஒருவர், "நீ என்ன பெரிய வீராங்கனையா?" என்று கேட்டுவிட்டாராம். அந்தச் சொல் மனதை விட்டுப் போகவில்லை, யாரை வீராங்கனை என்பது, அதற்கு என்ன தகுதி என்று கேட்டிருக்கிறார்.

நான் நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்து 15 வருடம் ஆகிறது. அதற்கு முன் கல்லூரி அணியில் கபடி ஆடினேன், லெஃப்ட் கார்னர், அதாவது இடது ஓரத்தில் நின்று பிடிக்கிறவள். வருடா வருடம் பிள்ளைகளின் பெயரைப் பட்டியலில் எழுதுவது என் வேலை என்பதால், யார் பெயர் அதில் வர வேண்டும் என்ற கேள்வி எனக்கும் பழையதுதான்.

சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'அத்லெட்' என்பது கிரேக்கத்திலிருந்து வந்தது. பரிசு என்று பொருள்படும் 'அத்லோன்' என்ற சொல்லோடு உறவுள்ளது. பரிசுக்காகப் போட்டியில் இறங்குகிறவர், அவ்வளவுதான் பொருள். வென்றவர் என்று அர்த்தமே இல்லை. நம் ஊரிலோ 'அத்லெட்' என்றால் ஓட்டம், தாண்டுதல், எறிதல் செய்கிற தடகளக்காரரை மட்டும் நினைக்கிறோம். பொதுவாகச் சொல்ல வேண்டுமென்றால் 'விளையாட்டு வீரர்' என்கிறோம். 'வீரர்' போர்க்களத்துச் சொல். வாள் பிடித்தவனுக்கு உரிய சொல்லை எடுத்துத் தனக்கு வைத்துக்கொள்ள யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். உங்கள் தயக்கத்தில் பாதி இந்தச் சொல்லால் வந்தது என்று நினைக்கிறேன். டெல்டா கிராமங்களில் 'வீரர்' என்பதை மின்னொளி கபடி நோட்டீஸில் அச்சடிப்பார்கள், பேச்சில் யாரும் சொல்வதில்லை. பேச்சில் 'பிளேயர்'தான். "அந்தத் தம்பி நல்ல பிளேயருங்க" என்பார்கள். அதில் ஜெயித்தானா தோற்றானா என்ற கணக்கு இருக்காது. எப்படி ஆடுகிறான் என்பதுதான் இருக்கும்.

மருத்துவத் துறையில் இதை வரையறுக்க வேண்டிய தேவை உண்மையாகவே இருக்கிறது. நீண்டகாலம் கடுமையாகப் பயிற்சி செய்கிறவரின் இதயம் பெரிதாகும், ஒரு துடிப்புக்கு அதிக ரத்தத்தைத் தள்ளும், ஓய்வில் துடிப்பு 60க்குக் கீழே போகும். ஈசிஜி பார்க்கிற டாக்டர், இது நோயா பயிற்சியின் விளைவா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்று தெரிய வேண்டும். 2016இல் அராவுஜோ, ஷார்ஹாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நான்கு நிபந்தனை சொன்னார்கள்: திறனைக் கூட்டுவதற்காகப் பயிற்சி செய்ய வேண்டும், போட்டிகளில் கலந்துகொள்ள வேண்டும், ஏதாவது ஒரு விளையாட்டு அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும், பயிற்சியும் போட்டியும் அவருடைய முக்கிய வேலையாகவோ ஈடுபாடாகவோ இருக்க வேண்டும். நான்கிலும் 'வெற்றி' என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

முதல் இரண்டையும் நான் முழுதாக ஏற்கிறேன். மூன்றாவது, பதிவு, எங்கள் ஊருக்குப் பொருந்தாது. தையில் அறுப்பு முடிந்த வயலைச் சமப்படுத்திக் கோடு போட்டு ஆடும் எத்தனையோ அணிகள் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் ஆடுவது அசல் கபடிதான். வடுவூரைப் பாருங்கள், மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகிற வழியில் இருக்கிற ஊர். வெளியூர்க்காரர்களுக்கு அங்கே பறவைகள் சரணாலயம் தெரியும். எங்களுக்கு அது கபடி ஊர். அந்த ஊர்ப் பையன் அபினேஷ் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினான். தங்கம் வந்த அன்றைக்கு அவன் வீரன் ஆகவில்லை. முதல் நாள் இருட்டில் எழுந்து மைதானத்துக்குப் போனானே, அங்கிருந்து கணக்கெடுக்க வேண்டும். அவனோடு எழுந்து போய், எந்த அணியிலும் இடம் கிடைக்காத பிள்ளைகளும் அந்தக் கணக்கில் வருவார்கள்.

நான்காவது, முக்கிய வேலையாக இருக்க வேண்டும் என்பது. இதில்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். இருபது வயதில் 55 கிலோ எடைப் பிரிவில் ரைடர், எதிரணிப் பக்கம் பாடிப் போய் ஆளைத் தொட்டுவிட்டு வருகிறவர். பாடிப் போனால் கையால் தொட மாட்டார், காலைப் பின்னால் வீசித்தான் தொடுவார். நான் கார்னரில் நிற்கப் பழகியதே அவர் காலைப் பார்த்துத்தான். ரைடரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, கண் ஏமாற்றும், கணுக்கால் ஏமாற்றாது என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். இப்போது அவர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சுமைதூக்கும் தொழிலாளி. சிப்பம் என்பது நெல் மூட்டை, ஒன்று 40 கிலோ. பிடித்து, எடை போட்டு, தைத்து, அட்டி அடுக்கி, லாரியில் ஏற்றி என்று பொழுது சாயும்வரை வேலை. அவரைவிடப் பலமான தோள் எங்கள் ஊரில் எந்த பிளேயருக்கும் கிடையாது.

அவர் விளையாட்டு வீரரா? முன்பு ஆமாம். இப்போது இல்லை என்றுதான் சொல்வேன். இப்படிச் சொல்வதால் அவரைக் குறைத்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். உழைப்பாளியைப் பார்த்து "இவர்தான் உண்மையான வீரர்" என்று பாராட்டிவிட்டு நகர்ந்து போவது எனக்குப் பிடிக்காது. அவருக்கு வேண்டியது அந்தப் பட்டம் இல்லை, சரியான கூலியும் ஒரு நாள் ஓய்வும்.

உடம்புக்கு உள்ளே நடப்பதும் இரண்டிலும் வேறுதான். பயிற்சியில் உடம்பை ஒரு அளவுக்கு வருத்துகிறோம், பிறகு விட்டுவிடுகிறோம். தசை வளர்வது சுமையைத் தூக்கும்போது இல்லை, தூக்கிவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கும்போது. அடுத்த வாரம் சுமையைக் கொஞ்சம் கூட்டுகிறோம், மறுபடி ஓய்வு. வேலையில் அந்த ஏற்பாடு இல்லை. காலையிலிருந்து மாலை வரை ஒரே சுமை, மறுநாளும் அதே சுமை. ஆறுவதற்குள் அடுத்த நாள் வந்துவிடும். ஓய்வு நேரத்தில் உடம்பை அசைக்கிறவர்களுக்கு இதய நோய் குறைகிறது, ஆனால் அதே அளவுக்கு வேலையில் உடம்பை வருத்துகிறவர்களுக்கு அந்த நன்மை கிடைப்பதில்லை, சிலருக்குக் கெடுதலே வருகிறது என்று பல நாட்டு ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். கனமான சுமை ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, இதயத்துடிப்பு நாள் முழுக்க இறங்காமலே இருக்கிறது, ஆற நேரம் இல்லை என்பதைக் காரணங்களாகச் சொல்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் முதுகு நிமிராமல் நாற்று நட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்காருவதைப் பார்த்தவர்களுக்கு இதை ஆய்வு வந்து சொல்ல வேண்டியதில்லை.

அந்த அண்ணனிடம் ஒருமுறை கேட்டேன், "ஏண்ணே, அப்ப ஆடினதுக்கும் இப்பத் தூக்குறதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று. பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "சிப்பத்துக்கு என்ன தெரியும் தங்கச்சி, நேத்தைவிட இன்னைக்கு நான் நல்லாத் தூக்கினேன்னு? அங்க எதிர்ல ஏழு பேரு நிப்பான். நான் ஒரு அடி முன்னேறியிருந்தா அவனுக்குத் தெரியும்."

எனக்கு இதைவிட நல்ல வரையறை கிடைத்ததில்லை. முன்னேற வேண்டும் என்று உடம்பைத் தயார் செய்ய வேண்டும். தயார் செய்ததை, எல்லாருக்கும் பொதுவான விதிக்கு உட்பட்டு, ஒரு நாள் இன்னொருவர் முன்னால் வைத்துக் காட்ட வேண்டும். அங்கே வந்ததை ஒப்புக்கொண்டு மறுபடி தயாரிப்புக்குப் போக வேண்டும். இந்தச் சுற்றில் இருப்பவர் விளையாட்டு வீரர். இந்தச் சுற்றுக்கு நேரம், சாப்பாடு, தூக்கம் மூன்றும் வேண்டும். அண்ணனுக்கு அது எப்படி நின்றது தெரியுமா? தையும் மாசியும்தான் கிராமத்துக் கபடிக்கு சீசன். சம்பா நெல் கொள்முதலுக்கும் அதே தை, மாசிதான் சீசன். இரவு ஆட்டம் ஆடிவிட்டுக் காலையில் சிப்பம் தூக்க முடியாது. கல்யாணம் ஆனது, சிப்பம் ஜெயித்தது.

அதனால் 'முக்கிய வேலையாக இருக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். வசதி உள்ளவருக்கு அது எளிது. மற்றவர்கள் இருக்கிற நேரத்தில் ஒரு பங்கைப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பங்கு சிறியது என்பதற்காக ஒருவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட முடியாது.

இங்கே ஒரு மாணவியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பள்ளியில், ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். நடவு நாட்களில் சனி, ஞாயிறு இவளும் கூடப் போவாள். நடுகிறவர்களுக்கு நாற்றுக் கட்டுகளை எடுத்துக் கொடுப்பாள். எங்கள் மைதானத்தில் 200 மீட்டர் தடம்தான், 800 மீட்டருக்கு நான்கு சுற்று. முதல் முறை ஓடியபோது 3 நிமிடம் 8 வினாடி. சுமாருக்கும் கீழே. ஆனால் மறுநாள் வந்து, "நேத்து எவ்வளவு டீச்சர்?" என்று கேட்டாள். சொன்னேன். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். வாரம் ஒரு முறை நேரம் எடுப்போம், ஒவ்வொரு முறையும் எழுதிக்கொள்வாள். ஞாயிறு நடவுக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை ஓடினால் நேரம் கூடும். அதையும் எழுதுவாள், பக்கத்தில் 'நடவு' என்று போட்டு. திங்கட்கிழமை அவளை ஓடவிடுவதை நிறுத்தினேன். ஓய்வும் பயிற்சிதான் என்று எனக்குப் பாடம் எடுத்தது அந்தத் தாள்தான். ஒரு வருடத்தில் 2 நிமிடம் 44 வினாடிக்கு வந்தாள். 24 வினாடி! மாவட்டப் போட்டியில் முதல் சுற்றிலேயே ஐந்தாவதாக வந்து வெளியேறினாள்.

அந்த வருட ஆண்டு விழாவில் விளையாட்டு வீரர்களை மேடையில் கூப்பிட்டுக் கௌரவித்தார்கள். சான்றிதழ் வாங்கியவர்கள் மட்டும். நான் கொடுத்த பட்டியலில் அவள் பெயர் இருந்தது. மேடையில் வாசித்த பட்டியலில் இல்லை. அவளைக் கூப்பிட்டார்கள், கோப்பைகள் வைத்த தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க. நின்றாள். நான் அன்றைக்கு எழுந்து எதுவும் பேசவில்லை. புதிதாகச் சேர்ந்தவள் என்ற பயம். இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அன்று மேடையேறியவர்களில் வட்டார அளவில் ஒரே ஒரு அணி வந்து, எதிர்த்து ஆட ஆளில்லாமல் வென்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் மேல் குறையில்லை. ஆனால் சான்றிதழ் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று அன்றைக்கு நன்றாகப் புரிந்தது.

சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அங்கே ஏதாவது ஒரு தாளைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அது வேலைக்கான தகுதி. அதைக் கொண்டுவந்து 'நீ யார்' என்ற கேள்விக்குப் பதிலாக வைக்கக் கூடாது. பதக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 2006இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்ட பிறகு அவர் ஓட்டக்காரர் இல்லை என்று ஆகிவிட்டதா? பின்னாளில் பயிற்சியாளராக நின்று பிள்ளைகளை ஓட வைத்தவர் அவர். பதக்கம் கொடுக்கவும் எடுக்கவும் முடிகிற பொருள். காலில் ஏறிய பயிற்சி அப்படி இல்லை.

உடம்பு ஓடியாட வேண்டுமா, மூளை ஆடினால் போதாதா என்று அடுத்து ஒரு கேள்வி வரும். சுருக்கமாகச் சொல்கிறேன். விஸ்வநாதன் ஆனந்த் பிறந்தது மயிலாடுதுறையில். நாட்டின் உயரிய விளையாட்டு விருதான கேல் ரத்னாவை 1991-92க்கு முதன்முதலில் பெற்றவரும் அவர்தான். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் பூவனூரில் சிவனுக்கே சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். இளவரசியோடு சதுரங்கம் ஆடி ஜெயித்து மணந்தார் என்பது கோயில் கதை. இந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு சதுரங்கம் விளையாட்டு இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. பயிற்சி, விதி, எதிராளி, முன்னேற்றம் நான்கும் அதில் இருக்கின்றன. நம் 'விளையாட்டு வீரர்' ஆனந்தையும் சேர்த்துக்கொள்கிறது. 'அத்லெட்' என்ற ஆங்கிலச் சொல்தான் அங்கே கொஞ்சம் தடுமாறும். தமிழ் நமக்கு அகலமான சொல்லைக் கொடுத்திருக்கிறது, அதைக் குறுக்க வேண்டாம்.

உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் நிற்காது. சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். சிறு வயதில் விபத்தில் வலது கால் நசுங்கியவர். இரண்டு காலும் நன்றாக இருக்கிற நம்மில் பெரும்பாலோரால் அதில் பாதியைத் தாண்டுவதே கஷ்டம்.

சரி, உங்களிடம் வருகிறேன். உங்களுக்கு 36. மூத்தோர் தடகளம் என்று ஒன்று உலகம் முழுக்க நடக்கிறது. 35 வயதில் தொடங்கி ஐந்தைந்து வருடமாகப் பிரிவுகள். சண்டிகரைச் சேர்ந்த மன் கௌர் அம்மாள் ஓட ஆரம்பித்ததே 93 வயதில். 2017இல் ஆக்லாந்தில் 101 வயதில் 100 மீட்டரை 74 வினாடியில் ஓடினார். அவருடைய பிரிவில் ஓட வேறு யாரும் இல்லை என்றாலும் அவர் மகனை வைத்துக்கொண்டு தினமும் பயிற்சி எடுத்தார். அந்தக் கணக்கில் நீங்கள் இப்போதுதான் கோட்டில் வந்து நிற்கிறீர்கள்.

காலையில் காற்று வாங்க ஓடுகிறவரும் நல்ல காரியம்தான் செய்கிறார். அவருக்கு அந்தப் பெயர் தேவையும் இல்லை. நீங்கள் அதைத் தாண்டி வந்துவிட்டீர்கள். ஒரு தேதிக்குத் தயாராகி, நம்பரைச் சட்டையில் குத்திக்கொண்டு, கடிகாரத்துக்கு முன்னால் ஓடினீர்கள். ஒரு முறை முடித்துவிட்டு இரண்டாவது முறையும் போனீர்கள். எனக்கு அந்த இரண்டாவது முறைதான் முக்கியம். முதல் முறை ஆசைக்காகக்கூடப் போகலாம்.

காலணி வாங்குங்கள். விலை அதிகமானதாக இருக்க வேண்டாம், கால்விரல் நுனிக்கும் காலணி நுனிக்கும் நடுவே கைக் கட்டைவிரல் அகலம் இடம் விடுங்கள். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு கரை ஈரமாக இருக்கும், இருட்டில் ஓடாதீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு எடுங்கள். வீட்டு வேலை செய்கிற நாள் ஓய்வு நாள் இல்லை, அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வீட்டில் கேட்டவரிடம் வாக்குவாதம் வேண்டாம். அடுத்த போட்டிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், கடைசி கிலோமீட்டரில் நிற்கச் சொல்லுங்கள்.

அந்த மாணவி பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போனாள். பத்து மணி நேரம் நின்றபடி வேலை. இப்போது ஒரு குழந்தை இருக்கிறது. போன வருடம் திடீரென்று போன் செய்தாள். "டீச்சர், மாவட்ட ஓப்பன் மீட்டுல பேர் கொடுத்திருக்கேன், வர்றீங்களா?" என்றாள். போனேன். எட்டுப் பேரில் ஏழாவதாக வந்தாள். கோட்டைத் தாண்டி முழங்காலில் கை ஊன்றி நின்றவள், மூச்சு ஆறுவதற்கு முன்னாலேயே நிமிர்ந்து, "எவ்வளவு டீச்சர்?" என்றாள்.

கேள்வியில் நீங்கள் இரண்டு ஓட்டம் ஓடியதாக எழுதியிருக்கிறீர்கள், நேரத்தை எழுதவில்லை. முதல் ஓட்டத்தைவிட இரண்டாவதில் எத்தனை நிமிடம் குறைந்தது?